மாத்திரையும் கஸ்தூரி மஞ்சளும்

திருச்செங்கோடு,
19.6.1988

அன்புள்ள வள்ளிக்கு,

வெள்ளிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. உயிரோடு இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கன்னத்து முடி அதனால் வந்தது." வந்தவர்களிடம் சொல்லாததை லண்டனில் மருந்து ஆய்வு செய்யும் உனக்காவது எழுதிவிடுகிறேன்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மஞ்சள் விவசாயம் செய்கிறவர்கள். மாப்பிள்ளை கண்ணுசாமி அதிகம் பேசவில்லை. என் புத்தக அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய அம்மா பாப்பாயி என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "என்னுங்க, புள்ளைக்குப் பூனைமுடி ஜாஸ்தியா இருக்குது" என்றார். "கஸ்தூரி மஞ்சள் போட்டா உழுந்துருமுங்க" என்றாள் என் அம்மா, கொஞ்சமும் தயங்காமல். "அதுக்கென்னுங்க, எங்க காட்டுலயே வரப்போரம் போட்டிருக்கறோம். ஒரு மூட்டை அனுப்பறனுங்க" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கல்யாணம் மட்டும் என்றால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். கண்ணுசாமியின் தங்கை பூங்கொடியை வேலுமணி அண்ணனுக்குப் பேசியிருக்கிறார்கள். அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ஆந்திராவெல்லாம் சுற்றிப் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. மூன்று இடத்தில் அந்தத் தலையைப் பார்த்தே வேண்டாம் என்றார்கள். இப்போது என்னை வேண்டாம் என்றால் அவனுக்கும் பெண் இல்லை.

நீ விளக்கி எழுதியிருந்ததை நேற்று வீட்டில் சொன்னேன். ரத்தக் குழாயின் தசையில், ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் பொட்டாசியம் வெளியேறச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. நீ அனுப்பும் இந்த மாத்திரை அவற்றைத் திறந்துவிடுகிறது. தசை தளர்ந்து, குழாய் விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. மயிர்க்காலிலும் அதே வாசல் திறப்பதால்தான் முடி வளர்கிறதா என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் தெரியவில்லை என்றேன். அங்கே இதையே வழுக்கைக்குத் தடவுகிற மருந்தாக்கியிருப்பதையும் சொன்னேன். "அப்ப மருந்து தப்பான ஆளுக்கு வந்திருக்குது அம்மிணி" என்றான் அண்ணன்.

அம்மா சிரிக்கவில்லை. அவன் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவணி வரைக்கும் நிறுத்திப்போடு சாமி. தாலி ஏறுனப்பறம் சாப்பிட்டுக்கலாம்" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் வேலூரில் என் அழுத்தம் இருநூற்றுப் பத்து இருந்ததும், கண் மங்கியதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் நிறுத்தினால் முடி விழுந்துவிடுமா? உடனே எழுது. இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நாளாக ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
சௌந்திரம்

திருச்செங்கோடு,
11.9.1988

அன்புள்ள வள்ளிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன் பதில் என் கைக்கு வர இருபது நாள் ஆனது. முடி உதிர நாலைந்து மாதம் ஆகும், அழுத்தம் ஏற மூன்று நாள் போதும் என்று எழுதியிருந்தாய். அதற்குள் நான் மாத்திரையை நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் பின்மண்டையில் வலி. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பாப்பாயி சொன்னபடியே ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். அம்மா தினமும் அரைத்துப் பூசியதில் முகம் மஞ்சளானது, முடியும் மஞ்சளானது.

கடிதத்தைப் படித்ததும் மாத்திரைப் புட்டியை எடுத்தேன். நான் தொடாத புட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அம்மாவைக் கேட்கலாம் என்று எழுவதற்குள் சேதி சொல்ல ஆள் வந்துவிட்டது. பனமரத்துப்பட்டிப் பக்கம் போர் போடுகிற இடத்தில் அண்ணன் லாரி மேலிருந்து மயங்கி விழுந்துவிட்டானாம்.

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அடி பெரிதில்லை. ஆனால் அழுத்தம் அதலபாதாளத்தில் கிடந்தது, இதயம் படபடவென்று ஓடியது. என்ன மருந்து சாப்பிட்டாய் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் என்னைப் பார்க்காமல், "டீயும் பன்னும்தானுங்க" என்றான். சேதி கேட்டு வந்த பாப்பாயியும் கண்ணுசாமியும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அண்ணனின் உதடு வெளுத்திருந்தது. நான் சொல்லிவிட்டேன். அவன் சாப்பிட்டது என் மாத்திரை என்பதை, எனக்கு அது எதற்கு என்பதை, கன்னத்து முடி எதனால் என்பதை. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டாக்டர் வைத்தியத்தை மாற்றினார். மறுநாள் மாலை அண்ணன் எழுந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து காட்டி, "நாலு முடியாச்சும் முளைச்சிருக்குதா பாரு அம்மிணி" என்றான். முளைக்கவில்லை. அவனைத் திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

நான் சொன்ன அன்றைக்குக் கிளம்பும்போது பாப்பாயி என் தோளில் கை வைத்து, "மொதல்லயே சொல்லியிருந்தீன்னா மஞ்சளாச்சும் மிஞ்சியிருக்கும், சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணுசாமி ஏதோ கேட்க வந்தவர் போல நின்றார். பிறகு அவரும் போய்விட்டார்.

காலையில் மாத்திரையும் சொம்புத் தண்ணீரும் அம்மாவே கொண்டுவருகிறாள். நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

இன்னும் பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை இருக்கிறது. அடுத்த புட்டியைச் சீக்கிரம் அனுப்பிவிடு. ரத்தக் குழாயின் வாசலை மட்டும் திறந்து, மயிர்க்காலைச் சும்மா விடுகிற மருந்து ஒன்று என்றைக்காவது வருமா? வராது என்றாலும் வராது என்றே எழுது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளி போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் வள்ளி.

என்றும் உன்,
சௌந்திரம்

பி.கு.: கண்ணுசாமிக்கும் அவர் தங்கை பூங்கொடிக்கும் போன புதன்கிழமை ஒரே பந்தலில் கல்யாணம் ஆனது. பெண் கொடுத்துப் பெண் எடுக்க ராசிபுரத்தில் ஓர் அண்ணன் தங்கை கிடைத்தார்கள்.