காணிப் பேச்சுக்கு முன்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தம்பி குகநேசன் எழுதிக்கொள்வது. 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதப் பேனை போகவில்லை. உதயகுமாரி இல்லாத வீட்டில் நானும் மகள் வர்சாவும் இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஊரில் எங்கள் கோண்டாவில் காணியை விற்க என் கையெழுத்துக் கேட்டு நீங்கள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் கிடைத்தன. முதலாவது, என் மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள் வந்தது. மண்டபத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களைக்கூட நான் அப்போது திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. 'ஆள் வந்து நிக்கிறான், கெதியாய் கையெழுத்தை வை' என்று எழுதியிருந்தீர்கள். அவள் சாவுக்கு நீங்கள் செய்தது குடும்பக் குழுவில் இரண்டு கும்பிட்ட கைகளைப் போட்டது மட்டும்தான். நான் பதில் போடவில்லை என்றதும், 'குகனுக்கு நெஞ்சழுத்தம்' என்று லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் சத்தியபாமா மச்சாளிடம் சொன்னீர்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வர்சா இங்கே பல்கலைக்கழகத்தில் பழைய கடிதங்களை ஆராய்கிறாள். உங்கள் பக்கத்துப் பூர்வகுடிகளான மோஹாக், ஒனைடா மக்களோடு நடத்திய பேச்சுகளைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியவை. கனடாக் கதைக்கு ஒஸ்லோவில் இருந்து ஏன் மினைக்கெடுகிறாய் என்று நானும் நக்கலடித்ததுண்டு. போன கிழமை சாப்பிடும்போது ஒன்று சொன்னாள். அந்த மக்களிடம் ஒரு முறை இருக்கிறதாம். ஒரு பகுதியில் சாவு நடந்திருந்தால், பேச வரும் மற்றப் பகுதி சிப்பிமணிச் சரத்தை நீட்டி, உங்கள் கண்ணீரைத் துடைக்கிறோம், காதின் அடைப்பை நீக்குகிறோம், தொண்டையின் அடைப்பை எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நிலமோ சண்டையோ, எந்தக் கதையும். ஒரு அதிகாரிக்கு இதெல்லாம் தெரியுமாம், ஆனால் அவசரம். தலைவரைப் பறிகொடுத்து வந்திருந்த ஒனைடா மக்களுக்கு முன்னால் நேரே நிலத்தின் வரைபடத்தை விரித்திருக்கிறான். அவர்கள் வாயே திறக்கவில்லை. பிடிவாதம் பிடித்த சனம் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டான்.

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணா. செத்தவீட்டுக்குப் போனால் வாசலில் வைத்தே காணி கதைக்கிற ஆட்களா நாங்கள்? வர்சாவோ உங்கள் பக்கம். 'பெரியப்பாவோடை கோவிக்காதேங்கோ அப்பா, என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல்தான் காணியைக் கதைக்கிறார்' என்கிறாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை முழுக்க, 'பெரியத்தான் போன் எடுத்தவரோ?' என்று உதயகுமாரி கேட்டுக்கொண்டே இருந்தாள். 'ஓம், நீர் நித்திரை எண்டு எழுப்பேல்லை' என்றேன். அவள் அதை நம்பிக்கொண்டே போனாள்.

காணியை விற்பதில் எனக்கு மறுப்பில்லை. கையெழுத்தும் வைப்பேன். அதற்கு முன் ஒருதரம் எடுங்கள். அவளைப் பற்றிக் கேளுங்கள். அழுதால் அழுவோம்.

உங்களுக்கும் அண்ணிக்கும் ஒரு வருத்தமும் வரக்கூடாது என்று கும்பிடுகிறேன். வந்தால், அன்றைக்கே எடுப்பேன்.

உங்கள் தம்பி,
குகன்