கொப்பரையில் விழுந்தவளின் பெயர்

பரவை,
15.2.1999

அன்புள்ள பேத்தி மலையம்மாளுக்கு,

உன் அப்பத்தா ஒச்சாயியின் தம்பி பேயாண்டி சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிஜியில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. மகன் பாண்டிராஜ் வாட்ச்மேனாக இருக்கும் பள்ளிக்கூடத்து பத்மாசினி டீச்சர் எழுதுகிறார். இங்கிலீஷிலும் மாற்றி வைப்பார்.

உன் கடிதத்தை வாசித்துச் சொன்னார். நீ எழுதின கதைப் புத்தகத்திலிருந்து அப்பத்தா பேரை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

அக்கா கப்பலேறும்போது எனக்கு ஏழு வயது, இப்போது தொண்ணூறு. சீனி சலிக்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம் என்று கங்காணி சொன்னான். பண்ணையில் மாட்டோடு மாடாகக் கிடந்தவர்களுக்கு அது பெரிய வார்த்தை. அக்காவும் மச்சானும் போனார்கள். அப்புறம் ஒரு தாக்கலும் இல்லை. சாவுச் சேதி வராமல் எங்களில் காரியம் செய்ய மாட்டோம். அதனால் வருசா வருசம் அவளுக்குப் பொங்கல் சீராகக் கரும்பும் வெல்லமும் கோயிலில் வைத்து வந்தேன்.

போன புரட்டாசியில் 'ஒச்சாயி குடும்பத்தார், பரவை' என்று விலாசம் போட்டு உன் புத்தகம் வந்தது. டீச்சர் தமிழில் சொல்லச் சொல்ல வீடே கேட்டது. கதை என்று அவர் சொல்லத்தான் செய்தார். எங்கள் அப்பா பேர், அக்கா கன்னத்துத் தழும்பு எல்லாம் இருக்கும்போது எப்படிக் கதையாகும்? நீளமான கடிதம் என்றே இருந்தேன். கங்காணி சவுக்கால் அடித்ததில் பாகு கொதிக்கும் கொப்பரையில் ஒச்சாயி விழுந்தாள் என்றதும் மருமகள் தங்கப்பொண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் துட்டிக்கு வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஊற்றுத் தோண்டி முழுகினேன். மொட்டை போட்டுக் காரியம் முடித்தேன். அதை டீச்சரைக் கொண்டு பாண்டிராஜ் உனக்கு எழுதிப் போட்டான். இந்தப் பொங்கலுக்குச் சீர் வைக்கவில்லை.

இப்போது நீ எழுதுகிறாய், அப்பத்தா பேரன் பேத்தி எடுத்துக் கட்டிலில் படுத்து நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். தங்கப்பொண்ணு, "யாருன்னே தெரியாதவளுக்கு மொட்டை போட்ட ஆளு நீங்க ஒருத்தருதான் மாமா" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொப்பரையில் விழுந்தது யார் என்று டீச்சரிடம் திரும்ப வாசிக்கச் சொன்னேன். அதே தோட்டத்தில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படிச் செத்தாள், துரைமார் காகிதத்தில் நம்பர் மட்டும் இருந்தது, அவளுக்குத்தான் அப்பத்தா பேரைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு இங்கே யார் முழுகியிருப்பார்கள்? எந்த வீட்டில் இன்னும் சீர் வைக்கிறார்களோ தெரியாது.

நீ தப்பு செய்யவில்லை, தாயி. நான் செய்த காரியம் அவளுக்கே இருக்கட்டும். திருப்பி வாங்க மாட்டேன். அக்கா கண்மூடிய நாளை எழுது, அவளுக்குத் தனியாகச் செய்துவிடுகிறேன். உடம்பில் அதற்குத் தெம்பு இருக்கிறது.

புத்தகத்தில் பேரை மட்டும் எடுத்துவிடாதே. எடுத்தால் அவள் மறுபடி நம்பராகிவிடுவாள். எங்கள் பக்கம் ஒச்சாயிகள் நிறைய. இன்னொருத்திக்கு அந்தப் பேர் இருந்தால் அக்கா கோபிக்க மாட்டாள்.

நீயும் உன் வம்சமும் பேரோடு விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு ஒச்சாயிகளுக்கும் தம்பி,
பேயாண்டி
(கைநாட்டு)