குளவி இல்லாத மலை

பொகவந்தலாவை
13.5.1963

அன்புள்ள மகன் பழனியாண்டிக்கு அம்மா வீரம்மா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி மீனம்மாவும் சுகம், நீயும் திருச்சியில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உங்க அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அந்த மனுசனோடு மல்லுக்கட்டி எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போன மாதம் பத்தாம் நம்பர் மலையில் நாங்கள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே நின்ற உங்க அப்பா திடீரென்று, குளவி குளவி, ஓடுங்க புள்ளைகளா என்று கத்தினார். கங்காணி சொன்னால் நிற்க முடியுமா, முப்பது பேரும் கூடையைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடினோம், ராக்காயி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கால் பிசகிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் ஒரு ஈயைக்கூடக் காணோம். இவர் மட்டும் நடுமலையில் நின்று கம்பளியை வீசி வீசி ஒன்றுமில்லாததை விரட்டிக்கொண்டிருக்கிறார். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து, என்ன ஆண்டியப்பன், காலையிலயே ஊத்திட்டீங்களா என்று கேட்டுவிட்டார். ஒரு சொட்டுத் தொடாத மனுசன். எனக்கு மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பிடித்து உலுக்கின பிறகுதான் உண்மை வருகிறது. இடது கண்ணில் பத்து நாளாகக் கறுப்புக் கறுப்பாகப் பறக்கிறதாம், ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், கண்ணு தெரியலைன்னா கங்காணி வேலை போயிரும்ல என்கிறார். அதற்குள் ஒரு கறுப்பு நிழல் வந்து பாதிக் கண்ணை மறைத்துவிட்டது. தோட்டத்து டாக்டரையா பார்த்த மாத்திரத்தில் கொழும்புக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

கொழும்பில் கண்ணின் உள்நோய்களில் கெட்டிக்காரரான பெரிய டாக்டர் ஒருவர், மருந்து விட்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். கண்ணுக்குள் பின்சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறதாம், நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுமாம். அதில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்து, நம் லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டின பேப்பர் ஈரத்தில் பெயர்கிறதே, அது போலப் பெயர்ந்துவிட்டதாம். உங்க அப்பா மாதிரிச் சோடாப்புட்டிக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது அதிகம் வருமாம். ஆபரேசன் செய்து ஒட்டினார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு வாரம் தலையை அசைக்கவே கூடாது என்று உத்தரவு. படுத்தபடியே காலடிச் சத்தத்தைக் கேட்டு, இன்னைக்குப் பெரட்டுக்குப் பிந்திட்டீங்க நோனா என்று, காலையில் மலைக்கு ஆள் கணக்கெடுக்கிற மாதிரி நேர்ஸ் நோனாவையே அதட்டுகிறார். ஆனாலும் ஒன்பது நாள் தலையை அசைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதில் விளையாட்டாக எழுதியிருந்தாயே, மழையே இல்லாத ஊரில் என் கண்ணோரத்தில் மட்டும் மின்னுகிறது என்று. அதைக் கேட்டதுதான் தாமதம், மணல் மூட்டை உருள எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடிக்கிறேன், நோனா ஓடி வருகிறார், இவர் கட்டுப் போட்ட கண்ணோடு, என் கண்ணு போனாப் போவுது, அவனுக்கு ஒடனே எழுது என்று கத்துகிறார். திரை மறுபடி பெயர்ந்ததா இல்லையா என்று வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தால்தான் தெரியுமாம். அப்பனும் மகனும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்க்கிறீர்களா?

நீயும் அதே சோடாப்புட்டிதான். இது கிடைத்த அன்றே லீவு போட்டுவிட்டுப் போ. கண்ணாடிக் கடைக்காரனிடம் இல்லை, கண் டாக்டரிடம். மருந்து விட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல். கண் கூசுகிறது என்று நீ முன்பு எழுதினதற்கு எண்ணெய் தேய்த்து முழுகு, சூடு தணியும் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வேலை போய்விடும், அது இது என்று உங்க அப்பா மாதிரிச் சாக்குச் சொன்னால் கப்பலேறி வந்து அறைவேன்.

முருகன் உன் இரண்டு கண்ணையும் காக்கட்டும். பதிலில் என் சுகத்தை விசாரிக்காதே, டாக்டர் சொன்னதை மட்டும் தந்தியடி. கட்டைப் பிரித்ததும் அந்த மனுசன் தன் கண்ணைப் பற்றிக் கேட்க மாட்டார், உன் தந்தி வந்ததா என்றுதான் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீரம்மா