பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வை, துயாரா

அன்பு மகள் துயாராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மா நலம் என்பதை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன், காரணம் கீழே வரும். நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிவப்புப் பசு நேற்று கன்று போட்டது, கிடாரிதான், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. நீ பழைய கார் ஒன்று வாங்கியிருப்பதாக எழுதியதைப் படித்து அம்மா சந்தோஷப்பட்டாள், எனக்குக் கவலைதான் வந்தது. ஆறு வருடம் விளாதிவோஸ்தோக்கில் இருந்துவிட்டு வெர்கோயான்ஸ்குக்குப் போயிருக்கிறாய், அந்தக் கடற்கரைக் குளிர் வேறு, இது வேறு. அதனால் போன மாதம் இங்கே நடந்ததை எழுதுகிறேன். அம்மா எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் புதுப் பேட்டரி போட்டேன் அல்லவா, அந்தத் தெம்பில் மூன்று நாள் அதைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வராமல் வண்டியிலேயே விட்டுவிட்டேன், முழங்கால் வலி என்று எனக்கு நானே ஒரு சாக்கு. வண்டிக் கதவு சரியாகச் சாத்தாமல் உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்ததையும் கவனிக்கவில்லை. வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு. நான்காம் நாள் காலையில் அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் வலது வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செவிலி வந்து பார்த்து, குடல்வால் மாதிரி இருக்கிறது, ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, அதற்காகக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். எழுபது கிலோமீட்டர். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தன. சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருப்பது தண்ணீர் மாதிரி ஆகிவிடும் துயாரா, தண்ணீர் உறைவது போல உறைந்துவிடும். நிறைந்திருந்தால் அவ்வளவு எளிதில் உறையாது, ஆனாலும் இந்தக் குளிரில் அதன் பலம் பாதிகூட இருக்காது, எஞ்சின் ஆயிலோ கெட்டியாகி இரண்டு மடங்கு பலம் கேட்கும்.

பக்கத்து வீடு செம்யோனுடையது. அவனுடைய குதிரைகள் நம் வைக்கோலில் நாலு கட்டைத் தின்ற நாளிலிருந்து நான்கு வருடம் நாங்கள் பேசவில்லை. மற்ற வீடுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவன் வாசலில் போய் நின்றேன், பேச வாய் வரவில்லை. அவன்தான் பேசினான், "நாலு வருஷம் ஊமையா இருந்தியே, இப்பவும் ஊமைதானா?" என்றான். உன் அம்மா அகுலினாவுக்கு முடியவில்லை, வண்டி கிளம்பவில்லை என்றேன். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "உன் பேட்டரி ஒறைஞ்சிருக்கா?" என்றான். ஆமாம், உன்னுடையதிலிருந்து வயர் போட்டுப் பார்க்கலாமா என்றேன். "அறிவிருக்கா உனக்கு? ஒறைஞ்சதுல வயர் போட்டா மூஞ்சியிலயே வெடிக்கும். அதைத் தூக்கி வெளிய வை" என்று திட்டினான். அவன் வண்டியின் எஞ்சின் பிரித்துக் கிடந்தது, ஆனால் பேட்டரி முழு சார்ஜில் அவன் அடுப்படியில் இருந்தது. அதைப் பிள்ளையைத் தூக்குவது போல மேலங்கிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். எஞ்சினுக்கு அடியில் தட்டில் நெருப்புக் கரி வைத்து ஆயிலை இளக்கினோம், வயர் முனைகளைச் சுரண்டித் துடைத்து அவன் பேட்டரியை மாட்டினோம். விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பச் சொன்னான். இரண்டாம் தடவையில் பிடித்தது. நான் அழுததை அவன் பார்த்தான், பார்க்காதது போல இருந்தான்.

கூடவே அவனும் வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் ஐந்து மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதை அவனிடம் போய்ச் சொன்னபோது, "என் குதிரைங்க தின்னது நாலு கட்டு இல்ல, ஆறு கட்டு" என்றான். பேட்டரியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான், என் எஞ்சினைச் சேர்க்க வசந்தம் ஆகும், அதுவரை உன்னிடமே இருக்கட்டும் என்கிறான். அம்மா தையல் பிரித்து இப்போது நடமாடுகிறாள், அவனுக்கு மீன் சூப் கொடுத்தனுப்புகிறாள்.

உன் வண்டியின் பேட்டரி எத்தனை வருடம் பழையது என்று பார், நான்கைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்று. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச தூரமே ஓட்டினால் அது நிறையவே நிறையாது, வாரம் ஒருமுறை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடு. தினமும் சாயங்காலம் கழற்றி எடுத்து வா, கனமாக இருக்கிறது என்று சோம்பல் படாதே. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொள். பனியும் பாதையும் உனக்கு நல்லபடியாக அமையட்டும், எங்கள் இருவரின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. உன் கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தாய், கரி அடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்கள் பெயர் என்ன? தெரியாவிட்டால் இன்றைக்கே போய்க் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா ப்ரொகோப்பி