மேல் டிவிஷன், ஒன்பது நிமிடம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கார் கழுவவில்லை. கழுவியும் என்ன, சந்திக்குப் போவதற்குள் சேறு அப்பிவிடும்.

பெல்மதுளையில் டாக்சி ஆப்பில் நாலு ஓட்டம். ஒரு மாணிக்கக்கல் வியாபாரி, ஏறியது முதல் இறங்கும் வரை சிங்களத்தில் ஒரே பாட்டு: "மல்லி, பொட்டக் பாகன்ன." கொஞ்சம் மிதிக்க வேண்டுமாம். மிதித்தேன். டர்போ சத்தத்துக்கு மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். ஐந்து நட்சத்திரம். அடுத்து ஒரு டீச்சரம்மா. "இது என்னங்க, பள்ளத்துல குந்துற மாதிரி இருக்கு." மூன்று.

போகட்டும். கொழும்பு கராஜில் வேலை செய்தபோது, அடிபட்டு வந்த வண்டியை வாங்கி, நாலு வருஷம் ஞாயிறு ஞாயிறாக நானே கட்டிய கார். ஸ்ப்ரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் இறக்கியதும் நான்தான். ரேஸ் ஓட வேண்டிய சாமான். இங்கே மரக்கறிப் பையோடு ஏறுகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறேன்.

2.40க்கு ஒரு அழைப்பு. 9 நிமிடத் தூரம். கை பழக்கத்தில் எடுத்துவிட்டேன். பாலத்தடியில்தான் இடத்தைக் கவனித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன். அந்தக் கல் ரோட்டில் லொறியே திணறும், காரின் அடியில் இருக்கும் ஒயில் சம்ப் உடைந்துவிடும். யாரோ அரிசி மூட்டை ஏற்றத்தான் இருக்கும் என்று நினைத்துக் காரைத் திருப்பினேன், பிறகு ஓட்டத்தை வெட்டினேன். உடனே ஆப் வழியாக ஒரு கோல். அதையும் வெட்டினேன். திட்டு வாங்க நேரமில்லை. இரத்தினபுரிக்கு நல்ல ஓட்டம் விழுந்தது.

நாளைக்கு: வைப்பர் ரப்பர். அம்மா முழங்காலுக்கு எண்ணெய். பின் சீட்டுக்கு உறை.

ஒக்டோபர் 8, புதன்

விட்டு விட்டுத் தூறல். வைப்பர் ரப்பர் கிடைத்தது, அளவு பிழை.

அம்மா மலையிலிருந்து வந்தார். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "மேல் டிவிஷன் சரோஜாவுக்கு புள்ள செத்துப் பொறந்திருச்சுடா. பதினோரு வருஷம் கழிச்சு உண்டான புள்ள."

எப்போது என்று கேட்டேன்.

"நேத்து. மத்தியானம் வலி எடுத்திருக்கு. கொழுந்து லொறி ஸ்டோருக்குப் போயிருச்சு, ஆட்டோவும் ஒண்ணும் இல்ல. கடைக்கார முஸ்லிம் நானாதான் ஃபோன்ல ஏதோ காரு கூப்பிட்டாராம். வந்தவன் பாதியில திரும்பிட்டானாம். அப்புறம் கம்பளியில போட்டுத் தூக்கிட்டு எறங்கியிருக்காங்க. அந்த நாசமாப் போறவன் கை வெளங்காமப் போக."

சோறு போட்டார். சாப்பிட்டேன். கத்தரிக்காய். இரண்டாம் தடவையும் போட்டார், அதையும் சாப்பிட்டேன்.

ஃபோனில் ஓட்டங்களின் வரிசை இருக்கிறது. 2.40, மேல் டிவிஷன், "சாரதி இரத்துச் செய்தார்". சாரதி என்றால் நான். அழிக்க வழி இருக்கிறதா என்று ஒரு மணித்தியாலம் நோண்டினேன். இல்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

ஓடவில்லை. காரில் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன். காருக்கு ஒரு கோளாறும் இல்லை.

ஏற 9 நிமிடம். ஏற்ற, இறங்க 15. ஆஸ்பத்திரிக்கு 25. மூன்றரைக்குப் போயிருக்கலாம். அவர்கள் போய்ச் சேர்ந்தது ஐந்தேகாலுக்காம், அம்மா சொன்னார்.

ஆனால் கார் ஏறியிருக்காது. சம்ப் உடைந்து நடுவழியில் நின்றிருக்கும். அப்போதும் கம்பளிதான். ஏறியிருக்காது. அவ்வளவு பதிந்த கார். ஏறியிருக்காது.

இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். சீ.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில். பிள்ளையைப் புதைத்தார்கள். பெண் பிள்ளை. ஆம்பிளைகள் பத்துப் பேர், நானும். அம்மா போகச் சொன்னார், போகாமல் இருக்க ஒரு காரணமும் வாயில் வரவில்லை. குழி மிகவும் சின்னது.

சரோஜா அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில். வயிற்றைக் கீறியிருக்கிறார்கள்.

முருகேசு அண்ணன், அவர் புருஷன், கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

"கடைக்கார நானாவோட ஃபோனையே பாத்துக்கிட்டு நின்னேன் தம்பி. சின்னதா ஒரு காரு, அசைஞ்சு அசைஞ்சு வருது. பாலத்துக்கிட்ட வந்துருச்சு. நான் ஓடிப் போயி சரோஜாகிட்ட சொன்னேன், 'வந்துருச்சு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க'ன்னு. திரும்பி வந்து பாக்குறேன், காரு வேற பக்கம் போகுது."

"யாருன்னு தெரியுமாண்ணே?" கேட்டே விட்டேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

"எனக்கு எங்க ஃபோன்ல வர்ற பேரெல்லாம் படிக்கத் தெரியும்? நானாகிட்ட கேட்டேன், கவனிக்கலன்னுட்டாரு. யாரா இருந்தா என்ன தம்பி. அவனும் பாவம், ரோட்டப் பாத்துட்டு காரு ஏறாதுன்னு திரும்பியிருப்பான். ஏறாத ரோட்டுல அவன் என்னா செய்வான்?"

கடைக்கார நானா குழிக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

ஒக்டோபர் 11, சனி

நானா கடைக்குப் போனேன். ஆட்டோவில். பிரேக் தேய்ந்த ஆட்டோ. கல்லில் துள்ளித் துள்ளி ஏறியது.

அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நேரம். "நான்தான் நானா" என்றேன்.

"தெரியும்." கை நிற்கவில்லை. "ஃபோன்ல பேரு வரும்தானே. கார் நம்பரும் வரும். ஒன்ட பேரப் பாத்தொடன அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நம்ம பொடியன்தான் வாறான், இனிப் பயமில்ல எண்டு."

"நான் வெட்டினதுக்குப் பிறகு வந்த கோல்?"

"நான்தான்."

ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா புள்ள திரும்பி வருமா? ஒங்கட அம்மா அந்தப் பொண்ணோட ஒரே மலையில கொழுந்து எடுக்கிறா. ஒங்கட அம்மாட மூஞ்சிக்காக வாய மூடிட்டு இருக்கேன். ஒனக்காக இல்ல."

பருப்பைக் காகிதச் சரையில் கட்டி முடித்தார். "என்ன வேணும்?" நெருப்புப்பெட்டி என்றேன். நான் சிகரட்கூடப் பிடிப்பதில்லை.

ஏசியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

ஒக்டோபர் 13, திங்கள்

மழை. முருகேசு அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார், உள்ளே வரவில்லை, காலில் சேறாம்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில சரோஜாவுக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க தம்பி. தையலோட பஸ்ஸுல ஏத்த முடியாது. ஒன் கார்ல பெரிய ரோடு வரைக்கும் கூட்டியாந்தாப் போதும். மேல நாங்க நடந்துக்குறோம். ஒன் காரு பதிஞ்ச காருன்னு தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா. "இதெல்லாம் கேக்கணுமா முருகேசு? எம்புள்ள வருவான்."

எம்புள்ளயாம்.

தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டும். இப்போது அது ஏன் ஞாபகம் வருகிறது?

ஒக்டோபர் 14, செவ்வாய்

தூறல். பின் சீட்டில் தலையணை, கம்பளி. அதே கம்பளிதான், துவைத்திருக்கிறார்கள்.

சரோஜா அக்கா பாதியாகிவிட்டார். சீட்டைத் தடவிப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கு தம்பி. அழுக்காகிறப்போகுது." ஒரு பள்ளத்திலும் விடாமல் ஓட்டினேன். இவ்வளவு நன்றாக நான் ஓட்டியதே இல்லை.

பாலம் வந்தது. முருகேசு அண்ணன் வெளியே பார்த்து, "இங்கதான்" என்றார். யாரிடம் சொன்னாரோ.

கல் ரோடு தொடங்குமிடத்தில் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "நிப்பாட்டுங்க தம்பி. காரு அடிபட்டுரும். நாங்க நடந்துருவோம்."

நிறுத்தவில்லை. முதல் கியர். கல்லுக்குக் கல் பார்த்து வைத்தேன். இரண்டு இடத்தில் அடி தட்டியது. முன் பம்பரில் ஒரு பக்கம் உரிந்தது. அவ்வளவுதான். மூன்றாம் வளைவு தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, நானா கடை, லயத்து வீடுகளின் வாசல்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். சம்பில் ஒரு கீறல். ஒயில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அக்கா புருஷன் தோளைப் பிடித்தபடி காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வந்த வழியைப் பார்த்தார்.

"அப்ப, காரு ஏறும்" என்றார்.