திறந்தே கிடந்த பின்கதவு

"டீச்சர், கேள்வி கேக்காம இருக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

ஆயம்மா, நீங்கள் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி இன்று பதுளையில் ஒரு துணிக்கடையில் திரும்பி வந்தது. பின்னறையில் முதலாளியின் பேரப்பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கையில் பத்திரிகை. வளர்க்க முடியாத பச்சைக் குழந்தையைப் பத்திரமான இடத்தில் ஒப்படைக்கும் தாயைத் தண்டிக்காத சட்டம் இங்கும் வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"அப்படிச் சட்டம் வந்தா எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க தானே, டீச்சர்?" என்றார்.

எதையும் உதாரணத்தோடு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உங்களைச் சொன்னேன்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொண்ட காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போவார்கள். அவரவர் பழைய சேலையில் அவரவரே தொட்டில் கட்டுவது வழக்கம். சேலையைப் பார்த்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடலாம். அன்று விடியற்காலை படியில் ஒரு பெண்குழந்தை கிடந்தது, கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கில் சுற்றி. நீங்கள் உங்கள் சேலையில் தொட்டில் கட்டிக் கிடத்தினீர்கள். மருத்துவிச்சிக்கும் பொலிசுக்கும் ஆள் அனுப்பினீர்கள்.

கங்காணிதான் முதலில் வந்தார்.

"படங்கு எங்க ஆயம்மா? ஒட்டுப் போட்டிருக்கிறதப் பாத்தே ஆளச் சொல்லிப்புடுவேன்."

"பீத்துணியோட ஊறுதுங்க. கைய விட்டு எடுத்துப் பாக்குறீங்களா?"

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மருத்துவிச்சி பார்த்துவிட்டுக் குழந்தை நலம் என்றதும் உங்கள் கவலை திசை மாறியது. "புள்ளைக்கு நாம இருக்கோம். பெத்தவ எங்க ரத்தம் கொட்டக் கெடக்குறாளோ!" பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மாரிடம் உரக்கச் சொன்னீர்கள்: "புள்ள சொகமா இருக்கு. பெத்தவளுக்கு மேலுக்கு முடியலேன்னா பின்கதவால வரட்டும். பேரு வேணாம்." அந்தச் சொல் தேயிலை நிரைகளுக்குள் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வழக்கம்போல உங்களிடம் தேநீர் குடிக்க வந்திருந்தேன். பின்கதவில் ஒருத்தி நின்றாள். கம்பளியால் முகத்தை மூடியிருந்தாள், உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கேள்வியை என் காதோரம் கேட்டீர்கள்.

"புள்ள அழுதுச்சா?" என்றாள் அவள்.

"அழுதுச்சு. பால் குடிச்சுச்சு. தூங்குது. நீ மொதல்ல உக்காரு."

இன்னும் ஒரு பொழுது ஒளிந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் மருத்துவிச்சி. தோட்டத்து வண்டியில் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளால் வளர்க்க முடியாத அந்தக் குழந்தை, நீதிமன்றத்தின் வழியாக ஒரு நல்ல வீட்டுக்குப் போனது. அவள் பிழைத்தாள். உங்கள் பின்கதவு திறந்தேதான் கிடந்தது; அதற்குப் பிறகும் நம் லயக் குடியிருப்புகளில் எந்தத் தாயும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவில்லை. மாலையில் வந்து தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

கடைக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தொட்டிலை மெல்ல ஆட்டினார்.

சட்டம் எப்போது வருமோ, ஆயம்மா. உங்களுக்குப் பிறகு என் வகுப்பில் தலைகுனிந்து வந்து நின்ற பிள்ளைகளை, ஏன் என்று கேட்குமுன் பெஞ்சில் உட்கார வைத்தேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இந்த மடலைப் படிப்பவர்களும் ஒருமுறை செய்து பாருங்கள்: உங்கள் வாசலில் ஒருத்தி தயங்கி நின்றால், பெயரைக் கேட்குமுன் உட்காரச் சொல்லுங்கள்.