நாலு கோடு

ஹெரான் ஏரி, ஐடஹோ
மே 12

அன்புள்ள நடீன்,

நலம். பாய்சியில் நீயும் உன் தங்கை க்வென்னும் அவள் வீட்டில் நலமாக இருப்பீர்கள். உன் போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய், அதனால்தான் தபால். இந்த முப்பத்தோரு வருடத்தில் உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவதில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தேன்.

நல்ல செய்தி: சிக்னலைப் பெருக்கும் கருவி வாங்கிவிட்டேன். நம் வீட்டு வண்டியான கேரவனின் கூரையில் ஏறி ஆன்டெனா கட்டினேன். பக்கத்து கேரவன் வெர்ன் கீழே நின்று, "இடப்பக்கம் திருப்புய்யா! போச்சு! விட்டுட்டியே!" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் போனில் ஒரு சிக்னல் கோடு வந்தது. அதைப் பார்க்க ஏழு பேர் போனோடு வந்தார்கள், ஆளுக்கொரு கை வைத்து அதையும் தீர்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்துவிடு. நீ இல்லாமல் கேரவனில் இடம் ரொம்ப அதிகமாக இருக்கிறது.

உன்,
ஆர்லோ


பாய்சி
மே 17

ஆர்லோ,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்துக்கொள். உன் ரத்த அழுத்த மாத்திரை பீன்ஸ் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

அன்று பரீட்சைக்கு முந்தைய கடைசி இணையவழிக் கணக்கு வகுப்பு. திரையில் இருபத்து மூன்று பிள்ளைகள். விடை சொல்ல வாயைத் திறந்தேன், படம் அப்படியே உறைந்துவிட்டது. கால் மணி நேரம் அவர்கள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது அந்தப் படம் பள்ளி முழுக்கச் சுற்றுகிறது. "இன்னொரு தடவ இப்படி ஆனா வேற ஆளப் பாத்துக்குவோம், நடீன்" என்கிறார் தலைமை ஆசிரியை. சிரிக்காதே. க்வென் சிரித்தாள், அவளோடும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

அதற்கு முந்தின நாள் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துமுன் நான் கேட்டேன், "சிக்னல் இருக்கா?" நீ போனைப் பார்த்துவிட்டு, "நாலு கோடு இருக்கு, கண்ணு" என்றாய். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நடீன்


ஹெரான் ஏரி
மே 22

அன்புள்ள நடீன்,

அந்தக் கருவி சரிப்படவில்லை. கூரை ஆன்டெனாவும் உள்ளே இருக்கும் பெட்டியும் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் சிக்னல் மற்றதில் புகுந்து இரைச்சலாகி இரண்டுமே அணைந்துவிடுமாம். அதை வெர்ன் தலையில் கட்டிவிட்டு, வானத்திலிருந்து நேராக இணையம் வாங்கும் தட்டு ஒன்று வாங்கினேன். அதற்குத் திறந்த வானம் வேண்டும். இங்கே தலைக்கு மேல் பைன் மரம்தான். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் இரண்டு கிளைகளுக்கு நடுவே தலைகாட்டிவிட்டுப் போகிறது. நீ வேகமாகப் பாடம் நடத்தினால் போதும்.

உன்,
ஆர்லோ


பாய்சி
மே 26

ஆர்லோ,

இன்னொரு கருவியைப் பற்றி எழுதினால் கடிதம் பிரிக்காமல் திரும்பி வரும். அந்த நாலு கோடு எங்கே போயிற்று?

நடீன்


ஹெரான் ஏரி
மே 30

அன்புள்ள நடீன்,

எங்கும் போகவில்லை. அன்று போனில் ஒரு கோடுகூட நிலையாக நிற்கவில்லை, வந்து வந்து போனது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

கேரவனில் ஊர் சுற்றக் கிளம்பிய இந்த நான்கு மாதமாக நீ என்னோடு பேசியதெல்லாம் "வண்டிய கொஞ்சம் நகத்து, கோடு குறையுது" என்பது மட்டும்தான். இந்த ஏரியைப் பார்த்ததும், சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நாளாவது என் பக்கத்தில் உட்காருவாய் என்று நினைத்தேன். மறுநாள்தான் பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பொய் சொன்னது தப்பு. உன் வேலையை விளையாட்டாக நினைத்தது அதைவிடத் தப்பு. மன்னித்துவிடு.

ஆர்லோ


பாய்சி
ஜூன் 3

அன்புள்ள ஆர்லோ,

படித்துவிட்டு அழுதேன். க்வென் பார்த்துவிட்டாள், ஆகவே அவளோடு மறுபடி பேச வேண்டியதாகிவிட்டது.

மடச் சாம்பிராணி! "ஒரு நாள் லீவு போடேன்" என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் வரலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு வரை மடிக்கணினியைத் திறக்கமாட்டேன். திங்கள் காலை எட்டு மணிக்கு, பரீட்சையில் தவறியவர்களுக்கு வகுப்பு. ஒரே ஒரு கேள்வி, உன் பதிலைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுப்பேன். அங்கே சிக்னல் இருக்கிறதா?

நடீன்


ஹெரான் ஏரி
ஜூன் 6

அன்புள்ள நடீன்,

இல்லை.

பத்தொன்பது மைல் தள்ளி, ஊர் நூலக வாசலில் இருக்கிறது. நேற்று அங்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், சிக்னல் ஒரு தடவைகூடப் போகவில்லை. என் பேச்சை நீ நம்ப வேண்டாம். நூலகர் அம்மாள் அதைத் தன் கைப்பட எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
ஆர்லோ